டேலி சப்போர்ட்டுக்கு தூரத்துல இருக்கற ஆளு: எப்படி தேர்ந்தெடுக்கறது?

கணக்கெழுதற சாஃப்ட்வேர் டேலி வாங்கியாச்சு, பில் போட ஆபீஸ்ல ஒரு பொண்ணு இருக்கு, ஜிஎஸ்டி ரிட்டர்ன ஆடிட்டர் ஆபீஸ் பாத்துக்குது, எல்லாம் சரி. ஆனா ஒரு நாள் காலைல டேலி தொறக்க மாட்டேங்குது, இல்லனா நேத்து வரைக்கும் சரியா இருந்த ஸ்டாக் இன்னைக்கு மைனஸ்ல நிக்குது, அப்போ யாருக்கு போன் போடறது? முன்னாடி ஊருக்கு ஒரு டீலர் இருப்பாரு, பைக்குல வந்து உக்காந்து பாத்துட்டு டீ குடிச்சுட்டு போவாரு. இப்போ ஈரோட்டு கடைக்கு சென்னைல இருந்தோ மதுரைல இருந்தோ ஒருத்தர் ஸ்க்ரீன்ல வந்து பத்து நிமிஷத்துல சரி பண்ணிட்டு போயிடறாரு, ஆள் மூஞ்சியே நீங்க பாத்திருக்க மாட்டீங்க. பாக்காத ஆள எப்படி நம்பறது, எத வெச்சு தேர்ந்தெடுக்கறதுன்னு புதுசா டேலி போட்டவங்க நெறைய பேர் கேக்கறாங்க, அதுக்குத்தான் இது.

என் கணக்குல தூரம் ஒரு பிரச்சினையே இல்ல. உங்க டேலியோட பாஸ்வேர்டு, லைசென்ஸ் இமெயில், பேக்கப் இதெல்லாம் யார் கைல இருக்குங்கறதுதான் பாக்கணும். அது உங்க கைல இருந்தா ஆளு எந்த ஊர்ல இருந்தாலும் பரவால்ல, இல்லனா பக்கத்து தெருவுல இருந்தாலும் நீங்க மாட்டிக்கிட்ட மாதிரிதான்.

மொதல்ல யார் யாருன்னு பிரிச்சுக்கணும், ஏன்னா இங்கயே பாதி பேர் குழம்பறாங்க. டேலி பெங்களூரு கம்பெனி, 1986ல ஷ்யாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் ஆரம்பிச்சது. சாஃப்ட்வேர் செய்யறது அவங்க, ஆனா நம்ம ஊர்ல விக்கறதும் வந்து உதவி பண்றதும் பெரும்பாலும் பார்ட்னருங்க, அதாவது தனித்தனி கடைக்காரங்க. அவங்க கம்பெனி ஸ்டாஃப் கெடையாது. பார்ட்னர்ங்கற பேருல நல்லா வேலை தெரிஞ்சவரும் இருப்பாரு, லைசென்ஸ் வித்துட்டு போன் எடுக்காதவரும் இருப்பாரு. இதுக்கு நடுவுல கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் ஒருத்தர், அவருக்கு ஹார்ட் டிஸ்க், பிரிண்டர், நெட்வொர்க் தெரியும், டேலி கணக்கு தெரியாது. ஆடிட்டர் ஆபீஸ் பையனுக்கு கணக்கு தெரியும், டேட்டா கரப்ட் ஆனா கைய விரிச்சுடுவாரு. இந்த மூணு பேர் வேலையும் ஒரே ஆள் செய்வேன்னு சொன்னா கொஞ்சம் சந்தேகப்படுங்க.

அடுத்த குழப்பம் காசு. டேலில டிஎஸ்எஸ்னு ஒன்னு இருக்கு, டேலி சாஃப்ட்வேர் சர்வீசஸ், வருஷா வருஷம் புதுப்பிக்கணும். இது கம்பெனிக்கு போற பணம். இத கட்டினா புது ரிலீஸ், அதாவது புது வெர்ஷன் கெடைக்கும், டேலிக்குள்ள இருந்தே இ-இன்வாய்ஸ், இ-வே பில் எடுக்கற மாதிரியான ஆன்லைன் வசதிங்க வேலை செய்யும். கட்டலன்னா டேலி நின்னுடாது, லைசென்ஸ் நிரந்தரமா வாங்கியிருந்தா இருக்கற ரிலீஸ்ல பில் போட்டுக்கிட்டே இருக்கலாம், ஆன்லைன் வசதிங்க மட்டும் போயிடும். ஏஎம்சிங்கறது வேற, அது பார்ட்னருக்கு அவர் நேரத்துக்கு நீங்க குடுக்கற வருஷ கட்டணம். டிஎஸ்எஸ் கட்டிட்டு "நான்தான் பணம் கட்டினேனே, ஏன் வந்து பாக்க மாட்டேங்கறீங்க"ன்னு சண்ட போடறவங்களும் உண்டு, ஏஎம்சி வாங்கிட்டு டிஎஸ்எஸ்ஸும் அதுலயே அடக்கம்னு நெனச்சவங்களும் உண்டு. பேசும்போதே ரெண்டையும் தனித்தனி வரில எழுதி வாங்கிடுங்க. உங்களோடது எப்போ முடியுதுன்னு பாக்க எஃப்1 அமுக்கி ஹெல்ப்ல அபவுட் போங்க, சீரியல் நம்பர், சில்வரா கோல்டா, டிஎஸ்எஸ் தேதி எல்லாம் அங்க இருக்கும். சில்வர்னா ஒரு கம்ப்யூட்டர், கோல்டுன்னா ஒரே ஆபீஸ் நெட்வொர்க்ல பல கம்ப்யூட்டர்.

சரி, ரிமோட் சப்போர்ட் எப்படி நடக்கும்? எனிடெஸ்க், அல்ட்ராவியூவர், டீம்வியூவர் இதுல ஏதாவது ஒன்னு உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும். எனிடெஸ்க்னா ஒரு நம்பர் காட்டும் (மத்த ரெண்டுலயும் நம்பரோட ஒரு பாஸ்வேர்டும் சொல்லணும்), அத நீங்க போன்ல சொல்லுவீங்க, அந்தப் பக்கம் அவர் போட்டதும் உங்க ஸ்க்ரீன்ல ஒரு பெட்டி வரும், நீங்க அக்செப்ட் குடுத்தா அவர் உள்ள வந்துடுவாரு. அவ்ளோதான், பெரிய வித்தை ஒன்னும் இல்ல. ஆனா அக்செப்ட் குடுக்கறதுக்கு முன்னாடி அந்த பெட்டிலயே பாத்தீங்கன்னா மவுஸ் கீபோர்டு குடுக்கலாமா, காப்பி பேஸ்ட் குடுக்கலாமா, ஃபைல் எடுக்கலாமான்னு தனித்தனியா இருக்கும், வேண்டாதத ஆஃப் பண்ணிடலாம். யாரும் பாக்கறதில்ல, நேரா அக்செப்ட்.

இந்த மவுஸ் விஷயத்துலதான் நல்ல ஆளையும் சுமாரான ஆளையும் கண்டுபிடிக்கலாம், கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன். மாசம் 10ஆம் தேதி சாயங்காலம்னு வெச்சுக்குங்க, நாளைக்கு ஜிஎஸ்டிஆர்-1க்கு, அதாவது விற்பனை பில் காட்டற ரிட்டர்னுக்கு, கடைசி நாள். ரிப்போர்ட்ட தொறந்தா அன்சர்ட்டன் ட்ரான்சாக்‌ஷன்ஸ்னு ஒரு வரில ஆறு பில் நிக்குது, அதாவது இந்த ஆறையும் ரிட்டர்ன்ல சேக்கறதா வேண்டாமான்னு டேலிக்கே தெரியல. போன் போடறீங்க. ஒருத்தர் வராரு, மவுஸ அவரே புடிச்சு டக்கு டக்குன்னு நாலு ஸ்க்ரீன் மாத்தறாரு, எண்டர் எண்டர் எண்டர், ஆறு போய் சைபர் ஆயிடுச்சு, "முடிஞ்சுதுங்க மேடம்"னு சொல்லி கட் பண்ணிட்டாரு. ரெண்டு நிமிஷம். பில் போடற பொண்ணுக்கு என்ன நடந்துச்சுன்னே தெரியல. அந்த ஆறு பில்லோட வரித்தொகை மாறிச்சா, இல்ல ஐட்டத்துல எச்எஸ்என் நம்பர் (ஜிஎஸ்டிக்கு சரக்க வகை பிரிக்கற நம்பர்) மட்டும் போட்டாரா, இல்ல அப்படியே இருக்கட்டும்னு ஏத்துக்க வெச்சுட்டாரா, யாருக்கும் தெரியாது, அடுத்த மாசம் அதே ஐட்டம் மறுபடியும் வந்து நிக்கும்.

இன்னொருத்தர் வராரு, மவுஸ தொடவே இல்ல. "மேடம், அந்த வரில எண்டர் குடுங்க, என்ன காரணம் சொல்லுதுன்னு படிங்க, எச்எஸ்என் இல்லன்னு சொல்லுதா, சரி, இது எந்த ஐட்டம், இதுக்கு எச்எஸ்என் என்னன்னு உங்க பர்ச்சேஸ் பில்லுல பாருங்க, இல்லனா ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க, ஐட்டத்துலயே போட்டுடலாம், இனி எல்லா பில்லுக்கும் தானா வரும்." பதினஞ்சு நிமிஷம் ஆகும். உங்களுக்கு அன்னைக்கு மெதுவா தெரியும், ஆனா அந்த பொண்ணு இனிமே இதுக்கு போனே போடாது. எனக்கு ரெண்டாவது ஆள்தான் வேணும். எச்எஸ்என் என்னன்னு அவரே முடிவு பண்ணாம ஆடிட்டர கேக்க சொன்னாரு பாருங்க, அது இன்னும் முக்கியம், தன் வேலை எது, தன் வேலை எது இல்லன்னு தெரிஞ்ச ஆளு.

அதனால ஏஎம்சி போடறதுக்கு முன்னாடி ஒரு நிஜமான சின்ன சந்தேகத்த வெச்சு ஒரு கால் பேசி பாருங்க, அதுக்கு காசு கேட்டாலும் குடுத்துடுங்க. அவர் என்ன பதில் சொல்றாருங்கறத விட உங்கள என்ன கேள்வி கேக்கறாருன்னு கவனிங்க. எந்த ரிலீஸ்ல இருக்கீங்க, கடைசியா பேக்கப் எப்போ எடுத்தீங்க, இந்த டேட்டா எந்த டிரைவ்ல இருக்கு, கம்பெனி பிரைவேட் லிமிடெட்டா இல்ல தனி உரிமையாளரான்னு கேட்டா வேலை தெரிஞ்சவரு. எடுத்த உடனே "எனிடெஸ்க் நம்பர் சொல்லுங்க"ன்னு ஆரம்பிச்சா அவசரக்காரரு.

பேக்கப்ன உடனே ஒன்னு. எந்த ரிமோட் வேலைக்கும் முன்னாடி ஆல்ட் ஒய் அமுக்கினா டேட்டா மெனு வரும், அதுல பேக்கப். எடுத்து பென்டிரைவுக்கு போட்டுட்டு அப்புறம் அக்செப்ட் குடுங்க. முக்கியமா ரிலீஸ் மாத்தும்போது. 3.0 ரிலீஸுக்கு போனப்ப பழைய டேட்டாவ மைக்ரேட் பண்ண வேண்டி இருந்துச்சு, பண்ணினதுக்கு அப்புறம் அந்த டேட்டா பழைய ரிலீஸ்ல தொறக்காது, பேக்கப் இல்லாதவங்களுக்கு திரும்பி போக வழியே இல்ல. பேக்கப் எடுத்தீங்களான்னு கேக்காமலே அப்டேட் போட வர ஆளு வேண்டவே வேண்டாம், மத்ததெல்லாம் நல்லா இருந்தாலும்.

"டேட்டாவ மெயில்ல அனுப்புங்க, சரி பண்ணி அனுப்பறேன்"னு சொல்றவங்க இருக்காங்க. சில சமயம் அது தேவைதான், பெரிய கரப்ஷன்னா அவர் சிஸ்டத்துல வெச்சு ரிப்பேர் ஓட்டணும். ஆனா அவர் ரெண்டு நாள் வெச்சிருக்கும்போது இங்க கடைல பில் போட்டுக்கிட்டே இருந்தா, திரும்ப வந்த டேட்டால அந்த ரெண்டு நாள் பில் இருக்காது, அத மேல போட்டுட்டா போச்சு, கட்டு கட்டா பில்ல வெச்சுக்கிட்டு மறுபடியும் ஏத்தணும். குடுத்த நிமிஷத்துல இருந்து என்ட்ரி நிக்கணும், இல்லனா நோட்டுல எழுதி வெச்சுக்கணும், இத அவரே உங்ககிட்ட சொல்லணும், சொல்றாரான்னு பாருங்க. வேல முடிஞ்சதும் அவர்கிட்ட இருக்கற காப்பிய அழிச்சுட்டேன்னு ஒரு மெசேஜ் வாங்கிடுங்க. உங்க பார்ட்டி லிஸ்டு, யாருக்கு என்ன ரேட்டு, யார் எவ்ளோ பாக்கி, எல்லாம் அந்த ஒரு ஃபோல்டர்ல இருக்கு, அதே லைன்ல இருக்கற உங்க போட்டியாளருக்கும் அவர்தான் சப்போர்ட் பண்ணிக்கிட்டு இருப்பாரு.

இனி சாவி விஷயம். முதல்ல லைசென்ஸ் இமெயில். டேலி லைசென்ஸ் ஒரு இமெயிலோட கட்டிப்போட்டு இருக்கும். கம்ப்யூட்டர் மாத்தணும், பழைய மெஷின்ல இருந்து லைசென்ஸ சரண்டர் பண்ணி புதுசுல போடணும், எல்லாத்துக்கும் அந்த மெயில் வேணும். வாங்கும்போது "உங்க மெயில் ஐடி என்னங்க"ன்னு கேட்டப்ப "அதெல்லாம் நீங்களே ஒன்னு போட்டுக்குங்க"ன்னு சொன்ன ஆளா நீங்க? அப்போ அங்க டீலரோட மெயில்தான் இருக்கும், இன்னைக்கே மாத்த சொல்லுங்க. கடை மெயிலா இருக்கணும், வேலைக்கு வர பொண்ணோட சொந்த மெயிலும் கூடாது.

அடுத்தது டேலி வால்ட் பாஸ்வேர்டு. கம்பெனி பேரே ஸ்டார் ஸ்டாரா தெரியற மாதிரி பூட்டற வசதி அது. மறந்துட்டா மீட்டு எடுக்க வழி கெடையாது, டேலி கம்பெனியாலயும் முடியாது. பார்ட்னர் போட்டு குடுத்தார்னா அத ஒரு பேப்பர்ல எழுதி பீரோல வெச்சுடுங்க. அப்புறம் டிடிஎல். உங்க பில் மத்தவங்க பில் மாதிரி இல்லாம லோகோ, லாரி நம்பர், பண்டல் கணக்கு எல்லாம் வர மாதிரி எழுதி குடுத்திருப்பாங்க இல்ல, அதுதான் டிடிஎல். பெரும்பாலும் டிசிபின்னு முடியற பூட்டின ஃபைலாத்தான் குடுப்பாங்க, அத உங்க சீரியல் நம்பருக்கு மட்டும் ஓடற மாதிரியும் பண்ணலாம், இத்தனாம் தேதியோட நின்னுடற மாதிரியும் எழுதலாம். ஏஎம்சி புதுப்பிக்கலன்னா ஏப்ரல் மாசம் பில்லே பிரிண்ட் ஆகாம நிக்கற கூத்தெல்லாம் இப்படித்தான் நடக்குது. காசு குடுத்து எழுத சொல்லும்போதே சோர்ஸ், அதாவது பூட்டாத மூல ஃபைல் வேணும்னு பேசிடுங்க, தர மாட்டேன்னு சொன்னா அதுலயும் தப்பில்ல, அது அவர் உழைப்பு, ஆனா தேதி பூட்டு இல்லன்னு எழுத்துல வாங்குங்க.

ஜிஎஸ்டி போர்ட்டல் யூசர் ஐடி பாஸ்வேர்ட சப்போர்ட் ஆளுக்கு குடுக்கவே வேண்டாம். இ-இன்வாய்ஸ் எடுக்க டேலிக்கு வேணும்னு சொல்லுவாங்க, ஆனா அதுக்கு இ-இன்வாய்ஸ் போர்ட்டல்ல தனியா ஏபிஐ யூசர்னு, சாஃப்ட்வேர் மட்டும் உள்ள போறதுக்கான ஒன்னு உருவாக்கிக்கலாம், அந்த பாஸ்வேர்டு ரிட்டர்ன் பக்கத்துக்கு செல்லாது. இந்த வித்தியாசத்த அவரே எடுத்து சொல்லி உருவாக்க உதவி பண்ணினா ஆளு சுத்தம். அப்புறம் டிஎஸ்சி டோக்கன், அதாவது டிஜிட்டல் கையெழுத்து இருக்கற அந்த யுஎஸ்பி குச்சி, அது எப்பவும் சிபியூலயே சொருகி கெடக்கும், பல ஆபீஸ்ல பாஸ்வேர்டயும் மானிட்டர்லயே ஒட்டி வெச்சிருப்பாங்க. ரிமோட் அக்செப்ட் குடுக்கறதுக்கு முன்னாடி அத உருவிடுங்க. அது உங்க கையெழுத்து, யாராவது கடைக்கு சாவி குடுக்கும்போது கையெழுத்து போட்ட செக்கு புக்கயும் கல்லா மேல வெச்சுட்டு போவாங்களா?

நெட்பேங்கிங் ஜன்னல் தொறந்திருந்தா மூடிடுங்க. ரிசர்வ் பேங்க் 2019 பிப்ரவரிலயே எனிடெஸ்க்க வெச்சு பணம் திருடறாங்கன்னு எச்சரிக்கை விட்டுச்சு, ஆப்பு மேல தப்பில்ல, அத வெச்சு உள்ள விட்டது நாமதான். சப்போர்ட்டுக்கு வர எவருக்கும் ஓடிபி தேவையே படாது, கேட்டா கால் கட். பணம் போயிடுச்சுன்னா யோசிக்காம 1930க்கு அடிங்க, அந்த மொத ஒரு மணி நேரந்தான் முக்கியம்.

இன்னொன்னு, ஆள் நல்லவராவே இருப்பாரு, அவரோட டூல்ல ஓட்டை விழலாம். 2021 ஜூலைல அமெரிக்காவுல கசேயான்னு ஒரு கம்பெனி, ஐடி சப்போர்ட் பண்றவங்க பயன்படுத்தற ரிமோட் சாஃப்ட்வேர் செய்யறவங்க, அதுல ரான்சம்வேர்காரங்க, அதாவது கம்ப்யூட்டர பூட்டிட்டு பணம் கேக்கற திருடங்க பூந்துட்டாங்க. அந்த வழியா சப்போர்ட் கம்பெனிங்களுக்கு, அங்கிருந்து அவங்களோட கஸ்டமருங்களுக்குன்னு பரவி, ஸ்வீடன்ல கூப்ங்கற சூப்பர் மார்க்கெட் நூத்துக்கணக்கான கடைய மூட வேண்டியதாச்சு, கல்லா வேலை செய்யல. 2024 பிப்ரவரில எனிடெஸ்க் கம்பெனியே தங்க சிஸ்டத்துல ஆள் பூந்துட்டாங்கன்னு அறிவிச்சு பாஸ்வேர்டெல்லாம் மாத்த சொன்னாங்க. அதனால "நீங்க இல்லாதப்பவும் நான் வந்து பாத்துக்கறேன்"னு நிரந்தர பாஸ்வேர்டு போட்டு வெக்கறத, அன்அட்டெண்டட் ஆக்சஸ்னு சொல்லுவாங்க, ஒத்துக்காதீங்க. ராத்திரி வேலைன்னா நீங்க உக்காந்து அக்செப்ட் குடுங்க, முடிஞ்சதும் சாஃப்ட்வேர க்ளோஸ் பண்ணுங்க. கொஞ்சம் தொல்லைதான், என்ன பண்றது.

டேலிக்குள்ளயும் அவருக்கு தனி யூசர் போட்டு குடுங்க, உங்க அட்மின் பாஸ்வேர்ட குடுக்காதீங்க. பிரைவேட் லிமிடெட் கம்பெனின்னா இது கட்டாயம்னே வெச்சுக்கலாம், ஏன்னா 2023 ஏப்ரல் 1ல இருந்து கம்பெனிங்க வெச்சிருக்கற கணக்கு சாஃப்ட்வேர்ல யார் எப்போ எத மாத்தினாங்கங்கற பதிவு இருக்கணும், அத ஆஃப் பண்ணவும் முடியக்கூடாது. அதுக்குன்னே எடிட் லாக்னு தனி டேலிபிரைம் (இப்போ வர டேலியோட பேரு அதுதான்) இருக்கு. எல்லாரும் ஒரே அட்மின்ல உள்ள போனா சப்போர்ட் ஆள் மாத்தினதும் உங்க பேர்லதான் நிக்கும். "போன வருஷ வவுச்சர பின்னாடி போயி தெரியாம மாத்திடறேன்"னு சொல்ற ஆளுக்கு இந்த பதிவு இருக்கறதே தெரியலன்னு அர்த்தம், இல்ல தெரிஞ்சே சொல்றாரு, ரெண்டுமே ஆபத்து.

திறமைய சோதிக்க இன்னொரு நல்ல கேள்வி இருக்கு: 2025 செப்டம்பர் 22 அன்னைக்கு உங்க கஸ்டமருங்களுக்கு என்ன பண்ணீங்கன்னு கேளுங்க. ஜிஎஸ்டி கவுன்சில் 3ஆம் தேதி முடிவு பண்ணி 22ஆம் தேதி அமல், நெய்யும் வெண்ணெயும் 12ல இருந்து 5க்கு வந்துச்சு, ஷாம்பு, பற்பசை 18ல இருந்து 5, சிமெண்ட் 28ல இருந்து 18. மளிகை மொத்த வியாபாரிக்கு ஐநூறு ஐட்டம் இருக்கும், எல்லாத்துக்கும் ரேட் மாத்தணும், அதுவும் அமல் தேதி 22-9-2025னு போட்டு மாத்தணும், அப்பத்தான் 21ஆம் தேதி வரைக்கும் போட்ட பில் பழைய வரிலயும் புது பில் புது வரிலயும் நிக்கும். தேதி பாக்காம பழைய ரேட்டு மேலயே புதுச அடிச்சுட்டா மாச ஆரம்பத்து பில்ல யாராவது தொறந்து சேவ் பண்ணும்போது கணக்கு ஆட ஆரம்பிச்சுடும். "முன்னாடியே க்ரூப்ல மெசேஜ் போட்டோம், ஐட்டம் லிஸ்ட எக்ஸல்ல வாங்கி ஆடிட்டர்கிட்ட ரேட்டு உறுதி பண்ண சொன்னோம்"னு ஒருத்தர் சொன்னா அவர விடாதீங்க. "அன்னைக்கு போன் மேல போன், எதையுமே எடுக்க முடியல"ன்னு சொன்னாலும் நேர்மையா சொல்றாருன்னு ஒரு மார்க் குடுக்கலாம்.

போன் எடுக்கறத பத்தி சொல்லணும்னா, இருபத்திநாலு மணி நேர சப்போர்ட்டுங்கற விளம்பரத்த கண்டுக்காதீங்க, உங்களுக்கு அது வேண்டியதும் இல்ல. ஜிஎஸ்டி ரிட்டர்ன் நெருக்கற 10, 11, 19, 20 இந்த நாலு தேதில எத்தன பேர் போன்ல இருப்பீங்க, நீங்க லீவு போட்டா யார் எடுப்பாங்கன்னு மட்டும் கேளுங்க. ஒத்த ஆளா நடத்தறவரு ரொம்ப திறமைசாலியா இருப்பாரு, ஆனா அவர் தங்கச்சி கல்யாணம் 20ஆம் தேதில வந்தா நீங்க அம்போ. ரெண்டு மூணு பேர் இருக்கற சின்ன ஆபீஸ் போதும். கட்டணம் கால் கணக்கா, வருஷ கணக்கான்னா, ஆரம்பத்துல கால் கணக்குல போங்க, மாசம் எத்தன தடவ கூப்பிடறோம்னு தெரிஞ்சதும் ஏஎம்சி பேசலாம். ஒரே பிரச்சினைக்கு மூணு தடவ வந்தா அது ஒரு காலா மூணு காலான்னு முன்னாடியே கேட்டுக்குங்க, சண்ட வரதே இதுலதான்.

ரிமோட்ல முடியாததும் இருக்கு. நெட் போச்சுன்னா அவரால வரவே முடியாது, கோல்டு லைசென்ஸ்ல சர்வர் மெஷின் ஆன் ஆகலன்னா, ஸ்விட்ச்சுல வயர் கழண்டுட்டா, யூபிஎஸ் படுத்துட்டா பக்கத்துல ஒரு ஆள் வேணும். அந்த கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் நம்பரயும் டேலி ஆள் நம்பரயும் ஒருத்தருக்கு ஒருத்தர் குடுத்து வெச்சுடுங்க, இல்லனா "அது நெட்வொர்க் பிரச்சினை", "அது டேலி பிரச்சினை"ன்னு ரெண்டு பேரும் உங்கள பந்தாடுவாங்க.

இருக்கற ஆள் சரியில்ல, மாத்தணும்னா தயங்க வேண்டாம், லைசென்ஸ் உங்களோடது, வித்தவர்கிட்டயே கடைசி வரைக்கும் இருக்கணும்னு ஒன்னும் இல்ல, டிஎஸ்எஸ்ஸ வேற பார்ட்னர் மூலமாவும் புதுப்பிக்கலாம், டேலி கம்பெனி இணையதளத்துலயும் நேரா கட்டலாம். மாத்தற அன்னைக்கு முழு பேக்கப், அட்மின் பாஸ்வேர்டு மாத்தறது, பழைய ஆளோட யூசர எடுக்கறது, ரிமோட் சாஃப்ட்வேர்ல ஏதாவது பாஸ்வேர்டு விட்டு வெச்சிருக்காரான்னு பாக்கறது, டிடிஎல் ஃபைல் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு குறிச்சுக்கறது, இத்தனையும் செஞ்சுடுங்க. மாசம் பாத்து மாத்துங்க. மார்ச் ஏப்ரல்ல வருஷ முடிவு, செப்டம்பர்ல டேக்ஸ் ஆடிட், அந்த நேரத்துல கை வெக்காதீங்க. ஜூன், ஜூலைல, 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டற மாச ரிட்டர்ன்) போட்டு முடிச்ச மறுநாள் ஆரம்பிச்சீங்கன்னா அடுத்த ஜிஎஸ்டிஆர்-1க்குள்ள புது ஆளுக்கு உங்க டேட்டா பழகிடும்.